சர்க்கரையும் சரீரத்தின் காப்பும்



சர்க்கரையைப் பற்றிப் பேச வேண்டும் என்று இந்த நூலகத்தார் என்னிடம் வந்து கேட்டபோது, நீரிழிவைப் பற்றி இன்னொரு சொற்பொழிவா என்று முதலில் தயங்கினேன். அவ்வியாதியின் பெயரைக் கேளாத செவி இன்று தமிழ்நாட்டில் இல்லை. வெறும் வயிற்றில் ஒரு முறையும் சாப்பிட்ட பின் ஒரு முறையும் ரத்தம் கொடுத்துவிட்டுச் சீட்டுக்காகக் காத்திருந்த அனுபவம் இல்லாத குடும்பமும் அரிது. ஆனால் அவர்கள் கேட்டது வேறொன்று. இனிப்பை மிகுதியாக உண்பவர்களுக்கு நோயை எதிர்க்கும் சக்தி குன்றிவிடும் என்று எங்கு பார்த்தாலும் சொல்கிறார்களே, ஒரு லட்டைத் தின்றால் ஐந்து மணி நேரம் ரத்தத்தின் வெள்ளணுக்கள் செயலற்றுக் கிடக்கும் என்று கைப்பேசியில் செய்தி வருகிறதே, இதில் எவ்வளவு மெய், எவ்வளவு மிகை என்பதே அவர்கள் வினவியது. மருத்துவக் கல்லூரியில் அறுவைச் சிகிச்சை கற்பித்து ஓய்வு பெற்றவனாகிய எனக்கு இந்த வினா பிடித்துப்போயிற்று. ஏனெனில் அந்தக் கூற்றின் அடியில் மெய்யான ஓர் ஆராய்ச்சி இருக்கிறது. அதன் மேல் ஐம்பது ஆண்டுகளாகப் படிந்த மிகையும் இருக்கிறது. அம்மிகையைக் கழித்துவிட்டுப் பார்த்தாலோ, நாம் அஞ்ச வேண்டிய விஷயம் லட்டில் இல்லாமல், எவரும் கவனியாத வேறோர் இடத்தில் இருந்துகொண்டிருக்கிறது.

சரீரத்தின் காப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் கோட்டை என்றும் கொத்தளம் என்றும் போர்வீரர் என்றும் வருணிப்பது வழக்கம். எனக்கு அந்த வருணனையில் பிரியம் இல்லை. அங்கே நிகழ்வது யுத்தத்தைவிட ஆகாரத்துக்கு நெருங்கிய காரியம். 1882-ஆம் ஆண்டில் சிசிலித் தீவின் மெஸ்ஸினா நகரில் தங்கியிருந்த ருஷ்ய விஞ்ஞானி மெச்னிகாஃப், உடல் ஊடுருவித் தெரியும் நட்சத்திரமீன் குஞ்சு ஒன்றில் ரோஜா முள்ளைச் செருகி வைத்து, மறுநாள் காலையில் நுண்பெருக்கியின் வழியே பார்த்தபோது, அந்த முள்ளைச் சுற்றிலும் நகரும் அணுக்கள் வந்து மொய்த்திருக்கக் கண்டார். அந்நிய வஸ்து எதுவாயினும் அதை நாடிச் சென்று, சூழ்ந்து, விழுங்கிச் செரித்துவிடும் அணுக்கள் பிராணிகளின் உடலில் உண்டு என்ற கொள்கை அப்போது பிறந்தது. 1908-இல் பால் எர்லிக்கோடு சேர்த்து அவருக்கு நோபெல் பரிசும் கிடைத்தது. நம் ரத்தத்தில் இந்த வேலைக்கு முதலில் ஓடி வருபவை நியூட்ரோஃபில் எனப்படும் வெள்ளணுக்கள். சீழ் என்று நாம் அருவருக்கும் பொருளில் பெரும்பகுதி, தம் வேலையை முடித்து மடிந்த இவ்வணுக்களின் குவியல்தான்.

கைப்பேசிச் செய்திக்கு மூலமான ஆராய்ச்சி இந்த நியூட்ரோஃபில்களைப் பற்றியதே. கலிபோர்னியாவில் உள்ள லோமா லிண்டா பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் 1973-இல் அதை வெளியிட்டார்கள். அவர்கள் செய்தது இதுதான்: வெறும் வயிற்றோடு இருந்த ஆரோக்கியமான மனிதர்களுக்குக் குளுகோஸ், பழச்சர்க்கரையாகிய ஃப்ரக்டோஸ், நாம் அன்றாடம் உபயோகிக்கும் வெள்ளைச் சர்க்கரை, தேன், ஆரஞ்சுச் சாறு ஆகிய ஒவ்வொன்றையும் 100 கிராம் சர்க்கரைச் சத்து சேரும் அளவுக்குக் கொடுத்தார்கள். கொடுப்பதற்கு முன்னும், கொடுத்தபின் மணிக்கணக்கில் இடைவெளி விட்டும் ரத்தம் எடுத்து, அதைப் பாக்டீரியாக்களோடு கலந்து, கண்ணாடிச் சில்லின் மேல் பரப்பி, ஒவ்வொரு நியூட்ரோஃபிலும் எத்தனை பாக்டீரியாக்களை விழுங்கியிருக்கிறது என்று நுண்பெருக்கியின் கீழ் உட்கார்ந்து எண்ணினார்கள். பொறுமையை உறிஞ்சும் வேலை அது. செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். எண்ணிப் பார்த்ததில், சர்க்கரை உண்ட ஒன்று முதல் இரண்டு மணி நேரத்துக்குள் அணுக்களின் விழுங்கும் திறன் மிகவும் தாழ்ந்து, ஐந்து மணி நேரம் கழிந்தும் பழைய நிலையை எட்டாமல் இருந்தது. அணுக்களின் எண்ணிக்கை குறைந்ததால் நேர்ந்த விளைவு அன்று அது. அணுக்கள் இருந்தன, அவற்றின் சுறுசுறுப்புத்தான் குறைந்திருந்தது. மாவுச்சத்தை உண்டபோது இவ்விளைவு இல்லை. பட்டினி கிடந்தவர்களிடம், அதாவது 36 மணி நேரமோ 60 மணி நேரமோ உண்ணாமலிருந்தவர்களிடம், விழுங்கும் திறன் கூடிற்று.

இதை நான் பொய் என்று தள்ள மாட்டேன். அந்தப் பல்கலைக்கழகம் எளிய ஆகாரத்தை ஒரு விரதம்போலப் போற்றும் ஏழாம் நாள் அட்வென்டிஸ்டு சபையைச் சார்ந்தது. ஆகவே அவர்கள் தமக்குப் பிடித்த முடிவையே கண்டார்கள் என்று ஏளனமாகச் சொல்பவர்களும் உண்டு. ஒருவருடைய மதத்தைக் கொண்டு அவருடைய நுண்பெருக்கியைச் சந்தேகிப்பது நியாயமாகாது. ஆனால் அந்தச் சோதனை எதைச் சொல்லிற்று, எதைச் சொல்லவில்லை என்று பிரித்துப் பார்ப்பது நம் கடமை. 100 கிராம் என்பது ஏறக்குறைய இருபது தேக்கரண்டிச் சர்க்கரை. அதை ஒரே மூச்சில், வெறும் வயிற்றில் உண்பவர் எத்தனை பேர்? மேலும் அவர்கள் பார்த்தது சரீரத்துக்கு வெளியே, கண்ணாடிச் சில்லின் மேல் நிகழ்ந்ததை. சர்க்கரை உண்டவர்களுக்குப் பிற்பாடு சளி பிடித்ததா, ஜுரம் வந்ததா, புண் ஆற நாளாயிற்றா என்று அவர்கள் கவனிக்கவில்லை. கவனிக்க முற்படவும் இல்லை. ஓர் அளவையில் மாற்றத்தைக் காண்பது வேறு. வியாதி மிகுந்ததைக் காண்பது வேறு. பட்டினியால் அத்திறன் கூடிற்று என்பதைக் கொண்டு, நோயாளிகளைப் பட்டினி போடுவதே காப்பு என்று எவராவது முடிவு கட்டினால், பஞ்ச காலங்களில் மக்கள் பசியால் மட்டுமன்றித் தொற்று வியாதிகளாலும் கூட்டம் கூட்டமாக மடிந்த சரித்திரத்தை அவர் படிக்கவில்லை என்றே கொள்ள வேண்டும். ஆகவே கல்யாண வீட்டில் ஒரு ஜாங்கிரி சாப்பிட்டவர், ஐந்து மணி நேரம் தம் சரீரம் திறந்த வீடாகக் கிடக்கிறது என்று நடுங்க வேண்டுவதில்லை. அந்த நியூட்ரோஃபில்கள் உயிர் வாழ்வதே பெரும்பாலும் குளுகோஸை எரித்துத்தான். சர்க்கரை அவற்றுக்கு விஷமன்று, ஜீவாதாரம்.

அப்படியானால் சர்க்கரை நிரபராதிதானா என்று கேட்பீர்கள். இல்லை. வழக்கை நாம் தவறான நீதிமன்றத்தில் தொடுத்திருக்கிறோம்.

ஒரு கணக்கைச் சொல்கிறேன். ஆரோக்கியமான மனிதனுடைய ரத்தத்தில், வெறும் வயிற்றில், 100 மில்லிலிட்டருக்கு 70 முதல் 100 மில்லிகிராம் வரை குளுகோஸ் இருக்கும்; உடம்பில் உள்ள ரத்தம் சுமார் 5 லிட்டர். பெருக்கிப் பார்த்தால், தலை முதல் கால் வரை ஓடும் ரத்தம் அவ்வளவிலும் கரைந்திருக்கும் சர்க்கரை மொத்தம் ஒரு தேக்கரண்டிதான். நாம் என்ன சாப்பிட்டாலும், எவ்வளவு நேரம் பட்டினி கிடந்தாலும், கல்லீரலும் கணையமும் சேர்ந்து அந்த ஒரு தேக்கரண்டியை ஒரு தேக்கரண்டியாகவே வைத்துக்கொள்ள இரவும் பகலும் பாடுபடுகின்றன. விருந்து உண்ட அன்று அளவு சற்று ஏறினாலும், இரண்டு மூன்று மணி நேரத்தில் இறங்கிவிடும். அந்த ஏற்றம் இறங்காமல் வாரக்கணக்கில், மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நின்றுவிடுவதே நீரிழிவு. சரீரத்தின் காப்பு மெய்யாகவே குன்றுவது அப்போதுதான்.

இதை நான் புத்தகத்தில் படித்ததற்கு முன் அறுவைப் பிரிவில் பார்த்தேன். பின்கழுத்திலோ முதுகிலோ தோள்பட்டைக்கு நடுவிலோ கையகலத்துக்குக் கட்டி தடித்து, ஒரு வாய்க்குப் பதிலாக ஐந்தாறு வாய்கள் திறந்து, ஒவ்வொன்றிலிருந்தும் சீழ் கசிய, குப்புறப் படுப்பதைத் தவிர வேறு விதியற்று நோயாளிகள் வருவார்கள். ராஜபிளவை என்று நம் கிராமங்களில் அதைச் சொல்வார்கள். எங்களுக்குப் பாடம் சொன்ன பெரியவர், ராஜபிளவை என்று வந்தவனின் நீரைக் காய்ச்சிப் பார்க்காமல் கத்தியைத் தொடக்கூடாது என்று விதித்திருந்தார். பெனடிக்ட் திராவகம் என்ற நீலத் திரவத்தில் 5 மில்லிலிட்டர் சோதனைக் குழாயில் ஊற்றி, நோயாளியின் சிறுநீரில் எட்டுச் சொட்டு விட்டு, சாராய விளக்கில் காய்ச்சுவோம். நீலம் நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை; சர்க்கரை ஏற ஏற அது பச்சையாகி, மஞ்சளாகி, ஆரஞ்சு நிறம் கொண்டு, கடைசியில் செங்கல் நிறத்தில் வண்டலாக அடியில் படியும். பிளவையோடு வந்தவர்களின் குழாய்களில் அந்தச் செங்கல் நிறத்தை நாங்கள் எத்தனையோ முறை கண்டோம். தமக்கு நீரிழிவு இருக்கிறது என்பதை அந்த நோயாளிகளில் பலர் அன்றுதான் முதன்முதலாக அறிந்தார்கள். கட்டி வந்து சொல்லும்வரை சர்க்கரை அவர்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

இது புதிய கண்டுபிடிப்பு என்று எண்ணிவிட வேண்டாம். சரக சம்ஹிதையிலும் சுசுருத சம்ஹிதையிலும் பிரமேக வியாதியைச் சொல்லும் இடத்தில், அதன் உபத்திரவமாகத் தோன்றும் கட்டிகளுக்குப் பிரமேகப் பிடகை என்று பெயரிட்டு, சரகர் ஏழு வகையாகவும் சுசுருதர் பத்து வகையாகவும் பிரித்திருக்கிறார்கள். நுண்பெருக்கியும் பாக்டீரியாவும் அறியாத அக்காலத்து வைத்தியர்கள், சிறுநீர் இனிக்கிற மனிதனுக்குக் கட்டிகள் கிளம்பும் என்ற தொடர்பைக் கண்ணால் கண்டே பிடித்துவிட்டார்கள். காரணம் தெரியத்தான் நெடுங்காலம் ஆயிற்று.

காரணங்களில் இரண்டை மட்டும் விஸ்தரிக்கிறேன். நியூட்ரோஃபில் தான் விழுங்கிய பாக்டீரியாவைக் கொல்வதற்கு, ஆக்ஸிஜனிலிருந்து தீக்ஷணமான சில பொருள்களை அந்தக் கணத்திலேயே தயாரித்துக்கொள்கிறது. அதைத் தயாரிக்க என்ஏடிபிஹெச் என்ற ரசாயனப் பொருள் அதன் கையிருப்பில் இருக்க வேண்டும். ரத்தத்தில் குளுகோஸ் ஓயாமல் மிகுந்திருக்கும்போது, அணுக்குள் வந்து சேரும் உபரியைச் சார்பிட்டால் என்ற வேறொரு பொருளாக மாற்றிவிட ஒரு வழி திறந்துகொள்கிறது. அந்த வழிக்கும் செலவாவது அதே என்ஏடிபிஹெச்தான். ஆகவே பாக்டீரியாவை விழுங்கியபின், அதைக் கொல்லும் வேளையில், அணுவின் கையிருப்பு குறைந்து போயிருக்கிறது. இரண்டாவது காரணம், பால்கோவா கிண்டும் எவருக்கும் பழக்கமான ஒரு மாற்றம். பாலை இரும்பு வாணலியில் ஊற்றிச் சுண்டக் காய்ச்சும்போது, வெண்மை மாறிப் பழுப்பேறுகிறதல்லவா, அது பாலின் சர்க்கரையும் புரதமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் நிகழ்வது. பிரெஞ்சு ரசாயன அறிஞர் மையார் 1912-இல் இதை விளக்கினார். அடுப்பில் அரை மணியில் நடப்பது, மிகுந்த சர்க்கரையில் மிதக்கும் சரீரத்தில், அடுப்பில்லாமலே மெல்ல மெல்ல, மாதக்கணக்கில் நடக்கிறது. தெஹ்ரானில் பணியாற்றிய சாமுவேல் ரஹ்பர் என்ற ஆராய்ச்சியாளர் 1960-களின் இறுதியில், நீரிழிவுக்காரர்களுடைய ரத்தத்தின் செந்நிறப் பொருளில் இவ்வாறு சர்க்கரை ஒட்டிய ஒரு பகுதி மிகுந்திருப்பதைக் கண்டார். இன்று உங்கள் சீட்டில் எச்பிஏ1சி என்று அச்சாகி வரும் எண் அதன் அளவுதான்; சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்வதால், கடந்த இரண்டு மூன்று மாதத்துச் சர்க்கரையை அது சாட்சி சொல்லிவிடுகிறது. பரிசோதனைக்கு முதல் நாள் மட்டும் இனிப்பைத் துறக்கும் தந்திரம் அதனிடம் பலிப்பதில்லை. நோயை எதிர்க்கும் புரதங்களும் புரதங்களே ஆதலால், சர்க்கரை அவற்றிலும் சென்று ஒட்டி, அவற்றின் வேலையைக் கெடுப்பதை ஆய்வகங்களில் கண்டிருக்கிறார்கள்.

இவற்றோடு, சிறிய ரத்தக் குழாய்கள் கெட்டுப்போவதையும் நரம்புகள் மரத்துப்போவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காலில் முள் குத்தியது தெரியாது. தெரிந்து கட்டுப் போட்டாலும், புண்ணை ஆற்ற வேண்டிய அணுக்கள் அங்கே போய்ச் சேர வழி அடைபட்டுக் கிடக்கும். குடலின் உட்சுவரும் இவ்வாறு நெகிழ்ந்து, கிருமிகளுக்கு வழி விடுவதாக, இஸ்ரேலின் வைஸ்மன் ஆராய்ச்சி நிலையத்தார் எலிகளை வைத்துச் செய்த சோதனையில் 2018-இல் கண்டார்கள். எலியில் கண்டதை அப்படியே மனிதன் மேல் ஏற்றிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை, ஆகவே அதைச் சொல்லிக் கடந்துவிடுகிறேன்.

ஆனால் க்ஷயரோகத்தை அவ்வாறு கடந்துவிட முடியாது. உலகத்துக் க்ஷயரோகிகளில் ஏறக்குறைய நாலில் ஒருவர் இந்தியர். நீரிழிவிலும் நாம் முன்வரிசையில் நிற்கிறோம். 2023-இல் வெளியான, நாடு முழுவதையும் அளந்த ஆய்வின்படி இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் 10 கோடிக்கு மேல். அதன் வாசற்படியில் நிற்பவர்கள் 13 கோடிக்கு மேல். இந்த இரண்டு வியாதிகளும் தனித்தனித் தெருக்களில் வசிப்பதாக நாம் நெடுங்காலம் எண்ணிக்கொண்டிருந்தோம்: க்ஷயம் ஏழையின் வியாதி, சர்க்கரை செல்வனின் வியாதி என்று. சென்னையிலேயே இரண்டுக்கும் தனித்தனியே பெருமைமிக்க சரித்திரம் உண்டு. 1948-இல் டாக்டர் எம். விசுவநாதன் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கென்றே தனிச் சிகிச்சைப் பிரிவை ஏற்படுத்தினார். 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய க்ஷயரோக ஆராய்ச்சி நிலையம், சத்துணவும் ஓய்வும் நிறைந்த சானடோரியத்தில் வைத்துச் செய்யும் சிகிச்சையையும், சென்னையின் நெருக்கடியான வீடுகளில் இருந்துகொண்டே பெறும் சிகிச்சையையும் ஒப்பிட்டு, மருந்தை ஒழுங்காக உட்கொண்டால் இரண்டிலும் ஒரே விதமாகக் குணமாகிறது என்று உலகத்துக்கே எடுத்துக்காட்டிற்று. அந்த இரண்டு சரித்திரங்களும் பிற்காலத்தில் ஒன்றையொன்று வந்து தொட்டன. தமிழ்நாட்டில் க்ஷயரோகத்துக்குச் சிகிச்சை பெறுபவர்களைப் பரிசோதித்து 2012-இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு 25 பேருக்கு நீரிழிவு இருந்தது. மற்றும் ஒரு 25 பேர் அதன் வாசற்படியில் நின்றார்கள். அதாவது, க்ஷயம் என்று வந்தவர்களில் பாதிப்பேருக்கு ரத்தத்தில் சர்க்கரை சரியாக இல்லை.

நீரிழிவு உள்ளவருக்குக் க்ஷயம் வரும் சாத்தியம் மற்றவரைக் காட்டிலும் சுமார் மூன்று மடங்கு என்று, பல தேசத்து ஆய்வுகளைத் தொகுத்து 2008-இல் கணக்கிட்டிருக்கிறார்கள். வந்தபின் குணமாவதும் தாமதம். குணமானபின் திரும்ப வருவதும் அதிகம். க்ஷயக் கிருமி மற்றக் கிருமிகளைப் போன்றதன்று. நம்மில் அநேகருடைய நுரையீரலில் அது இளம் வயதிலேயே புகுந்து, வெள்ளணுக்கள் சூழ்ந்து கட்டி வைத்த இடத்தில் பல்லாண்டுகள் அடங்கிக் கிடக்கிறது. அதை வெளியே விடாமல் காத்திருப்பதுதான் காப்பு. ஒரு நாள் விழித்திருந்தால் போதாது, ஆயுள் முழுதும் விழித்திருக்க வேண்டும். ஆகவேதான் லட்டு தின்ற அந்த ஐந்து மணி நேரத்தை நான் பெரிதாக எண்ணவில்லை. ஐந்து ஆண்டுகள் இறங்காத சர்க்கரையைப் பெரிதாக எண்ணுகிறேன்.

இங்கே ஒரு நியாயத்தை மறைக்கக்கூடாது. இந்த நாட்டில் க்ஷயத்துக்கு வழி திறப்பதில் சர்க்கரையைவிடப் பசிக்கே பங்கு அதிகம். ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் வெளியான ஓர் ஆய்வில், க்ஷயரோகியின் வீட்டில் உள்ள மற்றவர்களுக்கு மாதந்தோறும் தலைக்கு 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் கொடுத்து வந்ததில், அவர்களுக்கு அவ்வியாதி வருவது ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு குறைந்தது. போதாத உணவும் சரீரத்தின் காப்பைக் குலைக்கிறது. மிஞ்சிய உணவும் குலைக்கிறது. ஒரே தெருவில் இரண்டையும் நாம் வைத்துக்கொண்டிருக்கிறோம் என்பது வெட்கப்பட வேண்டிய விஷயம்.

2021-ஆம் ஆண்டின் கோடையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கொரோனாவிலிருந்து பிழைத்து எழுந்தவர்களின் முகத்திலும் கண்ணிலும் கருப்புப் பூஞ்சை பற்றிற்று. மே மாதத்தில் தமிழ்நாடு அரசு அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கிற்று. காற்றிலும் மண்ணிலும் எங்கும் உள்ள அந்தப் பூஞ்சை, சாதாரண மனிதனை ஒன்றும் செய்யாது. கட்டுக்கடங்காத சர்க்கரையும், அதை மேலும் ஏற்றிவிடும் ஸ்டீராய்டு மருந்தும் சேர்ந்த சரீரத்தில்தான் அது கொண்டாடிற்று. உயிரைக் காக்க ஒருவருடைய கண்ணை எடுக்க நேர்ந்த சக வைத்தியர்களின் முகத்தை அந்நாட்களில் பார்த்தவன் நான். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச விரும்பவில்லை.

இனி, சர்க்கரை தின்பதால்தான் நீரிழிவு வருகிறதா என்ற பழைய கேள்வி. பரம்பரை, உடல் பருமன், உழைப்பின்மை, மலைபோல் குவித்த வெள்ளைச் சோறு எல்லாவற்றுக்கும் அதில் பங்கு உண்டு. லோமா லிண்டாச் சோதனையில் மாவுச்சத்து தப்பித்துக்கொண்டதே என்று சோற்றைக் கொண்டாடுபவர்கள், அதே சோறு குளுகோஸாகத்தான் ரத்தத்தில் ஏறுகிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஆயினும் சர்க்கரையின் பங்கு சிறிதன்று. பிரிட்டனில் 1940 ஜனவரியிலிருந்து 1953 செப்டம்பர் வரை சர்க்கரை ரேஷனில் இருந்தது. ரேஷன் நீங்கியதும் ஜனங்கள் உண்ணும் அளவு கிட்டத்தட்ட இரட்டித்தது. கருவிலும் பிறந்த முதல் இரண்டு ஆண்டிலும் ரேஷன் காலத்தில் வளர்ந்தவர்களையும், சற்றுப் பின்னால் பிறந்தவர்களையும் முதுமைவரை ஒப்பிட்டு 2024-இல் வெளியிட்டார்கள். முன்னவர்களுக்கு நீரிழிவு சுமார் 35 சதவிகிதம் குறைவு. அரிசிக்குப் பதிலாகச் சர்க்கரையைக் கூடுதலாகப் பெறுவதற்கென்றே ஒரு குடும்ப அட்டையை வைத்திருக்கும் மாநிலத்தவர் நாம் என்பது இதைப் படிக்கையில் என் ஞாபகத்துக்கு வந்தது.

உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்ன அளவு, பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 50 கிராமுக்குள், முடிந்தால் 25 கிராமுக்குள். காலைக் காப்பி, பதினொரு மணித் தேநீர், நாலு மணித் தேநீர், மாலையில் விருந்தாளியோடு இன்னொன்று என்று நாலு டம்ளருக்கு இரண்டிரண்டு கரண்டி போட்டால், இனிப்பு என்று பெயர் பெற்ற எதையும் தொடாமலே 40 கிராம் ஆகிவிடுகிறது. அதன் மேல் 300 மில்லிலிட்டர் குளிர்பானம் ஒன்று குடித்தால் மேலும் 30 கிராம். தேநீர்க் கடையில் ‘ஒரு வித்தவுட்’ என்று உரத்துச் சொல்லிவிட்டு, கண்ணாடிப் பெட்டியிலிருந்து கிரீம் பன்னை எடுத்துக் கடிக்கும் அன்பர்களையும் நான் பார்க்கிறேன். அவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருவதில்லை, சிரிப்புத்தான் வருகிறது. வெள்ளைச் சர்க்கரையை விட்டுக் கருப்பட்டிக்கும் நாட்டுச் சர்க்கரைக்கும் மாறியதாலேயே தப்பித்துவிட்டதாக நம்புபவர்களிடம் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: அவற்றில் பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான், ருசி வேறு, மணம் வேறு, ரத்தத்தில் விளைவு வேறன்று. தேனும் அந்த 1973-ஆம் ஆண்டுச் சோதனையில் குளுகோஸோடு சேர்ந்தே குற்றவாளிக் கூண்டில் நின்றது.

அளவைப் போலவே வேளையும் முக்கியம். ஸ்வீடனில் லுண்ட் நகரத்து விபெஹோல்ம் மருத்துவமனையில், 1940-களின் நடுவிலிருந்து, புத்தி வளர்ச்சி குன்றிய நோயாளிகளுக்குப் பல்லில் ஒட்டிக்கொள்ளும் மிட்டாய்களை வேண்டுமென்றே கொடுத்துப் பற்கள் எவ்வாறு சொத்தையாகின்றன என்று பார்த்தார்கள். சம்மதம் சொல்லவும் மறுக்கவும் இயலாதவர்கள் மேல் செய்த அந்தச் சோதனையை எந்த நியாயத்தாலும் ஆதரிக்க முடியாது. ஆனால் அதில் தெரிந்தது இது: உணவோடு சேர்த்து உண்ட சர்க்கரை பல்லைச் சிறிதே கெடுத்தது, உணவுக்கு இடையில் அடிக்கடி வாயில் இட்ட ஒட்டும் இனிப்பு பல்லை நாசமாக்கிற்று. பல்லும் ஈறும் கிருமிகளுக்கு எதிரான முதல் சுவர்களில் ஒன்று. விருந்தன்று பாயசம் குடிப்பவரைக் காட்டிலும், நாள் முழுதும் ஒவ்வொரு மிடறாக இனிப்பில் பல்லை நனைத்துக்கொண்டிருப்பவரே அதிகம் இழக்கிறார்.

எச்சரிக்கை ஒன்றும் சொல்ல வேண்டும். சர்க்கரை கெடுதி என்று கேட்டவுடன், மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பட்டினி கிடந்து அதை ஒரேயடியாக இறக்கிவிட முற்படக்கூடாது. மிகவும் இறக்குவதும் கெடுதியே. தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இன்சுலினைக் கொண்டு சர்க்கரையை மிக இறுக்கிப் பிடித்தால் உயிர்கள் பிழைக்கின்றன என்று பெல்ஜியத்தில் 2001-இல் கண்டார்கள். 6,000-க்கு மேற்பட்ட நோயாளிகளை வைத்து 2009-இல் வெளியிட்ட பெரிய ஆய்விலோ, அவ்வாறு இறுக்கிப் பிடித்தவர்களிடையே மரணம் அதிகமாக இருந்தது. மிதமான அளவே நல்லது என்று இப்போது எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள்.

இங்கே கூடியிருக்கும் உங்களிடம் நான் வேண்டிக்கொள்வது இரண்டே. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடிக்கிற எவரும், அதிலும் நீரிழிவு உள்ளவர்கள், இருமல் மருந்து வாங்கிக் குடித்துக்கொண்டு நாளைக் கடத்தாமல் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். க்ஷயம் என்று மருந்து தொடங்கியவர் உங்கள் வீட்டில் இருந்தால், அவருடைய ரத்தத்தில் சர்க்கரையைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். அரசினர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இவ்விரு பரிசோதனைகளுக்கும் கட்டணம் இல்லை.